ஆற்றிக் கொடுத்த பேச்சு

இருபத்தேழு வருஷம் நான் வாய் ஓயாமல் பேசினேன், அதில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. இதைக் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். நாடாளுமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் வேலை என்றால் அப்படித்தான். தமிழ் உறுப்பினர் எழுந்து தமிழில் பேசுவார். மேலே கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து நான் அதே மூச்சில் சிங்களத்தில் சொல்லுவேன். கீழே சிங்கள உறுப்பினர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். "நான் வெறும் குழாய், இந்தப் பக்கம் ஊத்தினால் அந்தப் பக்கம் வரும்" என்று சொல்லிச் சிரிப்பேன். கேட்டவர்களும் சிரித்தார்கள்.

அது பச்சைப் பொய். இந்த வயதில் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் என் பொய் கடைசியில் தவமலர் அக்காவின் தலையில் போய் விடிந்தது.

என் பெயர் றெஜினோல்ட். மன்னாரில் பிறந்து, வத்தளையில் சிங்களப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்தவன். இரண்டு மொழியிலும் கனவு காண்பேன், இரண்டிலும் நன்றாக ஏசுவேன். கண்ணாடிக் கூட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னர் "மும்மொழிச் செவி" வந்தது. சபையில் எல்லோரும் அதைக் காதுப்பூ என்றுதான் சொல்வார்கள். மல்லிகை மொட்டு அளவில் ஒரு சாமான். காதில் வைத்தால், பேசுகிறவர் எந்த மொழியில் பேசினாலும் உங்கள் மொழியில் கேட்கும். அதுவும் பேசுகிறவரின் சொந்தக் குரலிலேயே. கட்டைக் குரல் உறுப்பினர் கட்டைக் குரலிலேயே சிங்களம் பேசுவார், அழுதால் அந்த அழுகையோடு பேசுவார். அட, இதற்கு முன்னால் நாங்கள் எம்மாத்திரம்!

மற்ற மூன்று பேரையும் பூச்செண்டு கொடுத்து அனுப்பினார்கள். என்னை மட்டும் "மொழி மேற்பார்வையாளர்" என்று பெயர் மாற்றி அதே கூட்டில் இருத்தினார்கள். என் முன்னால் ஒரு சிவப்புப் பொத்தான். கருவி பிழைவிட்டால் அதை அழுத்தி நானே பேசலாம். ஒன்றரை வருஷமாக அதை நான் தொட்டதில்லை. தூசி துடைக்கத் தொட்டிருப்பேன்.

அன்றைய விவாதம் சாதாரணமானதல்ல. கோணேசன் எம்.பி. ஒரு பிரேரணை கொண்டுவந்திருந்தார். போர் முடிந்த அந்தக் கடைசி நாட்களில், பாலத்தடியில் பெற்றவர்களும் பெண்சாதிமாரும் கையோடு கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்த ஆட்களின் பெயர்ப் பட்டியலைச் சபையில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டார். இருபத்தொன்பது வருஷமாக எத்தனையோ ஆணைக்குழுவில் கேட்ட அதே கேள்வி. ஆனால் இந்த முறை இரண்டு விஷயம் புதிது. மனித உரிமைப் பிரேரணைகளுக்குக் கட்சிக் கட்டளை கிடையாது, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று புதிய விதி வந்திருந்தது. அதோடு, பாதிக்கப்பட்ட ஒருவர் சபைக்கு முன்னால் வந்து பத்து நிமிடம் பேசலாம்.

காலையில் கோணேசன் என் கூட்டுக்கு வந்தார். எண்ணிப் பார்த்திருக்கிறார் போல. "றெஜி அண்ணை, இழுபறிதான். ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இன்னும் முடிவெடுக்கேல்லை. அவையள் அந்த அம்மாவை அவவின்ர குரலிலயே கேட்டால் போதும்" என்றார். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "குறை நினைக்காதேங்கோ. இவ்வளவு காலமும் எங்களை உங்கட குரலிலதானே கேட்டவை" என்றார்.

குறை நினைத்தேன்.

பேச வருகிறவரின் குரலைக் கருவிக்குப் பழக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் ஏதாவது வாசிக்கக் கொடுப்பார்கள். கீழே சின்ன அறையில் ஹிமாஷி அதைச் செய்துகொண்டிருந்தாள். கருவியைக் கட்டிய பொறியியலாளர் கூட்டத்தில் ஒருத்தி, கெட்டிக்காரி. சிங்களத்தில்தான் கதைப்போம், என்னை "சேர்" என்பாள். அவள் முன்னால் தவமலர் அக்கா காலநிலை அறிக்கை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நீலச் சேலை, காலில் பாட்டாச் செருப்பு. வன்னியிலிருந்து விடியப் புறப்பட்ட பஸ்ஸில் வந்திருக்கிறார். வாசித்து முடித்துவிட்டு, "நாளைக்கு வடக்கில மழையாம் தம்பி, உடுப்புக் காயப்போட்டிட்டு வந்திட்டன்" என்றார் என்னிடம்.

தேநீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை, பேச ஆரம்பித்தார்.

"பதினொரு இடத்தில சொல்லியிருக்கிறன் தம்பி. ஒரே மாதிரித்தான் சொல்லுவன். ஒரு சொல்லு மாறினாலும் பொய் எண்டுவினம். என்ர மகள் துஷாந்தினிக்கு அப்ப பதினாறு. இயக்கம் பிடிச்சுக்கொண்டு போய் பதினொரு நாள் வச்சிருந்தது. தலைமயிரைக் கட்டையா வெட்டிப்போட்டாங்கள். ஓடி வந்திட்டாள். பாலத்தடியில ஒலிபெருக்கியில சொன்னவங்கள், இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் வந்து பதியுங்கோ, பதிஞ்சிட்டு விடுவம் எண்டு. அவள் மாட்டன் எண்டவள். 'அம்மா, தலைமயிர் வளந்திடும், ஆருக்கும் தெரியாது' எண்டவள். நான்தான் பொய் சொல்லக்கூடாதெண்டு கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன். ஒரு மேசை. பச்சைப் பொலித்தீன் விரிச்சிருந்தது. அவளின்ர கையைத் தூக்கி அந்த அதிகாரியின்ர கையில நான் குடுத்தனான். என்ர கையால."

அதிகாரியின் பெயரையும் சொன்னார். சொல்லும்போதே ஆள்காட்டி விரலால் மேசையில் அந்த எழுத்துகளைக் கீறினார், சிங்கள எழுத்துகள்.

"அப்ப எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. சட்டைப் பைக்கு மேல குத்தியிருந்ததைப் படம் மாதிரிப் பாத்து மனசில வச்சன். பேந்து முகாமில ஒரு நேர்ஸ் பிள்ளைக்குக் கீறிக் காட்டி வாசிப்பிச்சன். பஸ் நம்பரும் இருக்குது." அதையும் சொன்னார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்கள்தானே மேல இருந்து பாக்கிறனீங்கள்? ஒரு விஷயம் தம்பி. நான் என்ர கையால குடுத்தன் எண்டதை மட்டும் விட்டிடக் கூடாது."

"ஏன் அக்கா அதைப் போய்..." என்றேன். சங்கடமாக இருந்தது.

"எனக்கு அது வெக்கம்தான். பெத்த பிள்ளையைக் குடுத்தவள் எண்டு ஊரே கதைக்குது. ஆனா அவை என்ன சொல்லினம்? ஒருத்தரையும் வாங்கேல்லையாம். நான் குடுத்தனான் எண்டாத்தானே அவை வாங்கினவை. குடுத்தவள்தானே திருப்பிக் கேக்கலாம்?"

"ஒரு சொல்லும் விடுபடாது அக்கா, கருவி அப்படி" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

விவாதம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. அமைச்சர் முதலில் எழுந்தார். நல்ல பேச்சாளர், கைகளைக் கோர்த்துக்கொண்டு அமைதியாகப் பேசுவார். "அந்தத் தாய்மாரின் வேதனை என் வேதனை" என்றார். "ஆனால் இல்லாத பட்டியலை எங்கிருந்து கொண்டுவருவது? யாரும் யாரையும் ஒப்படைக்கவில்லை. அந்த இறுதிக் காலத்துக் குழப்பத்தில் பல குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளைகளோடு தொடர்பு அற்றுப்போனது. இது துயரம், குற்றமல்ல."

சபாநாயகர் தவமலர் அக்காவை அழைத்தார். சபையின் நடுவில் அவருக்கென்று ஒரு மேடை, ஒரு ஒலிவாங்கி. காதுப்பூவைக் கொடுத்தார்கள், அவரும் வைத்துக்கொண்டார். அது அவருடைய காதில் என்ன மொழியில் கேட்கிறது என்று அப்போது நான் பார்க்கவில்லை.

கூட்டில் எனக்குப் பக்கத்தில் ஹிமாஷி இருந்தாள். நான் வழக்கம்போல ஒரு காதில் தமிழ், மறு காதில் சிங்களம் வைத்திருந்தேன். தன் பெயர், ஊர், மகளின் பெயர், வயது எல்லாவற்றையும் கருவி அச்சொட்டாகச் சொன்னது. அவருடைய அதே கரகரத்த குரல், அதே நிதானம். கீழே எல்லோரும் அசையாமல் கேட்டார்கள்.

இடது காதில் தவமலர் அக்கா சொன்னார்: "அவளின்ர கையை நான் என்ர கையால அந்த அதிகாரியின்ர கையில குடுத்தனான்."

வலது காதில் அதே குரல் சிங்களத்தில் சொன்னது: "அந்த இறுதிக் காலத்துக் குழப்பத்தில் என் மகளோடு தொடர்பு அற்றுப்போனது."

கருவி பிழைவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த வாக்கியத்தின் நடை எனக்குத் தெரிந்த நடை. எங்கே கேட்டேன்? சபையில்தான் கேட்டேன். யார் சொன்னது? அமைச்சர் சொன்னது. அமைச்சருக்கு எங்கிருந்து வந்தது? ஐயோ, என் வாயிலிருந்து.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு தமிழ் உறுப்பினர் ஒரு முகாமின் பெயரையும் ஒரு ஆளின் பெயரையும் சபையில் சொன்னார். நான் உள்ளதை உள்ளபடி சிங்களத்தில் சொன்னேன். சபை அல்லோலகல்லோலப்பட்டது. முழுப் பேச்சையும் சபைப் பதிவேடான ஹன்சாட்டிலிருந்து நீக்கினார்கள். அடுத்த நாள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, "மாத்தயா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்?" என்று என் மனைவியிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை.

அப்போதுதான் கூட்டில் இருந்த மூத்தவர் எனக்கு அந்தச் சொல்லைச் சொன்னார். "ஆத்திக் குடும் ஐசே" என்றார். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் கொடுத்தால் வாய் வெந்துபோகும், துப்பிவிடுவார்கள். இரண்டு தரம் ஆற்றிக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள். கூட்டுக்குள் எங்கள் நாலு பேருக்குத்தான் அந்தச் சொல் தெரியும். நான் ஆற்றப் பழகினேன். "கொன்றார்கள்" என்றால் "உயிரிழப்பு ஏற்பட்டது". "பிடித்துக்கொண்டு போனார்கள்" என்றால் "இருப்பிடம் அறியப்படவில்லை". பெயர் வந்தால் "சம்பந்தப்பட்ட ஒருவர்". பாலத்தடிக் கதை வந்தபோது "தொடர்பு அற்றுப்போனது" என்று நானே கண்டுபிடித்தேன். அழகாக இருந்தது. கேட்ட சிங்கள உறுப்பினர்களுக்கும் பிடித்திருந்தது, பிறகு அவர்களே பாவிக்கத் தொடங்கினார்கள்.

பயத்தில் செய்தேன் என்றால் மூன்று வருஷத்துக்குச் சரி. அதன் பிறகு மோட்டார் சைக்கிளும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. நான் அதை விடவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை, பேச்சு ஹன்சாட்டில் நின்றது. தமிழ் உறுப்பினர்கள் தோளில் தட்டி, "றெஜி, நீர் கதைச்சா சபை அமைதியாக் கேக்குது" என்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. நன்றாகப் பொய் சொன்னதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்றேன்.

"ஹிமாஷி, இது என்ன சொல்லுது? அந்த அம்மா சொன்னது இதில்லையே!" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். "சரியாகத்தான் இருக்கிறது சேர். இந்த மாதிரி வாக்கியத்துக்குத் தொண்ணூற்றெட்டு வீதம் துல்லியம்."

"எதோட ஒப்பிட்டுத் தொண்ணூற்றெட்டு?"

"உங்களோடுதான்." ஏன் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. "இருபத்தேழு வருஷத்து ஒலிப்பதிவு சேர். இந்த நாட்டில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு இவ்வளவு நீளமான பதிவு வேறு யாரிடமும் இல்லை. செவி படித்ததெல்லாம் உங்களிடம். நீங்கள் தானே எங்களுக்கு அளவுகோல்."

கீழே அமைச்சர் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் குசும்லதா அம்மையார் தவமலர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெற்குக் கடற்கரைத் தொகுதிக்காரி, முடிவெடுக்காதவர்களில் ஒருவர். அவருடைய நெற்றி சுருங்கியிருந்தது, எதையோ எதிர்பார்த்து அது வராத முகம்.

பொத்தானை அழுத்தினேன்.

கருவி நின்றது. இப்போது எல்லார் காதிலும் நான். தவமலர் அக்கா ஒரு கணம் நிறுத்தினார், தலையை நிமிர்த்தி மேலே கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தொடர்ந்தார். அதிகாரியின் பெயரைச் சொன்னார், எழுத்து எழுத்தாக, தெளிவாக. பஸ் நம்பரைச் சொன்னார். "அவரிட்டத்தான் குடுத்தனான். அவர் 'பின்னேரம் விடுவம்' எண்டு சொன்னவர்."

நான் வாயைத் திறந்தேன். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அந்தப் பெயரைச் சொல்லத்தான் திறந்தேன். ஆனால் வந்தது: "அங்கு பொறுப்பில் இருந்த ஒருவர், நிலைமை சீரானதும் விடுவிக்கப்படலாம் என்று தெரிவித்ததாக நினைவுகூருகிறேன்."

பயம் இல்லை. அந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் இப்போது கிழண்டிப்போயிருப்பார்கள். என் மனைவி செத்து நாலு வருஷம். எனக்கு யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. அந்தப் பாதையில்தான் நாக்கு போய்ப் பழகியிருந்தது, அதிலேயே போனது. கருவி செய்ததை நான் கருவியைவிட நேர்த்தியாகச் செய்தேன். ஹிமாஷி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தமிழில் அந்தப் பெயர் வந்ததை அவள் கேட்டிருந்தாள், சிங்களத்தில் அது வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குள் மணி அடித்தது. பத்து நிமிடம் முடிந்தது. தவமலர் அக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

இன்னும் ஒரு வழி இருந்தது. உரைபெயர்ப்பில் பிழை நேர்ந்தால் வாக்கெடுப்புக்கு முன்னர் சபாநாயகருக்குத் திருத்தச் சீட்டு அனுப்பலாம், அவர் அதைச் சபைக்கு வாசிப்பார். சீட்டை எடுத்து எழுதினேன். சேவகர் கொண்டுபோய்க் கொடுத்தார். சபாநாயகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்:

"மதிப்புக்குரிய சபைக்கு, உரைபெயர்ப்பில் ஓரிரு இடங்களில் சிறு திருத்தங்கள் தேவைப்படக்கூடும் எனப் பணிவுடன் அறியத்தருகிறேன்."

"சிறு திருத்தங்கள் ஹன்சாட்டில் சேர்க்கப்படும்" என்று சொல்லிச் சீட்டைப் பக்கத்தில் வைத்தார். சீட்டைக்கூட ஆற்றித்தான் அனுப்பியிருக்கிறேன். என் கையால் எழுதியது என்று அவர் வாசித்தபோதுதான் எனக்கே உறைத்தது. தூ!

அமைச்சர் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "தொடர்பு அற்றுப்போனது என்று அந்தத் தாயே இந்தச் சபையில் தன் வாயால் சொல்லிவிட்டார்."

ஆதரவு எண்பத்தெட்டு, எதிர்ப்பு தொண்ணூற்றொன்று.

படியிறங்கும்போது குசும்லதா அம்மையார் எதிரே வந்தார். என்னோடு அவருக்கு நீண்டகாலப் பழக்கம். ஓரமாக நிறுத்திச் சிங்களத்தில் கேட்டார். "றெஜினோல்ட், அந்த அம்மா ஏன் ஒருவரையும் குறைசொல்லவில்லை? எண்பத்தொன்பதில், தெற்கில் கிளர்ச்சியை அடக்கியபோது, என் அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று. என் அம்மா சாகும்வரை அந்த இன்ஸ்பெக்டரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பெற்றவள் பெயரை மறக்கமாட்டாள். இந்த அம்மாவும் ஒரு பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால்..." கையை விரித்தார். "யாரோ சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எதிர்த்துத்தான் அழுத்தினேன். என்னோடு இருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் அழுத்தினார்கள்."

மூன்று பேர். மூன்று வாக்கு இந்தப் பக்கம் வந்திருந்தால் கணக்கு அப்படியே புரண்டிருக்கும். "சொல்லியிருந்தால் என்ன, அவர் சொன்னார் அம்மா, நான்தான் விழுங்கினேன்" என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கருவியில் ஏதோ சின்னக் கோளாறு" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

தவமலர் அக்கா வெளிவாசலில், பார்வையாளரின் பொருட்களை வாங்கி வைக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கைப்பையைத் திருப்பி வாங்கி, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய், "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கருவி..." என்று தொடங்கினேன்.

அவர் நிமிர்ந்தார். நான் பொத்தானை அழுத்திச் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே சிங்களத்தில் எனக்குச் சொன்னார். "அங்கு பொறுப்பில் இருந்த ஒருவர், நிலைமை சீரானதும் விடுவிக்கப்படலாம் என்று தெரிவித்ததாக நினைவுகூருகிறேன்." ஒரு சொல் பிசகவில்லை. உச்சரிப்பு சுத்தம். கச்சேரி அலுவலகத்திலும் பொலிஸிலும் முகாம் வாசல்களிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய சிங்களம்.

"இருபத்தொன்பது வருஷம் அவங்கட வாசல் வாசலா நிண்டிருக்கிறன் தம்பி. சிங்களம் வராதே? முதல் படிச்சது அந்தப் பெயரின்ர எழுத்துத்தான். அதில இருந்து மிச்சத்தையும் படிச்சன்." காதைத் தொட்டுக் காட்டினார். "காதில வைக்கிற சாமானைத் தந்த பிள்ளையிட்டச் சொல்லிச் சிங்களத்திலதான் வச்சுக் கேட்டனான். சரியாச் சொல்லுதோ எண்டு பாக்க."

"பின்ன ஏன் அக்கா நீங்களே சிங்களத்தில கதைக்கேல்லை?"

"நான் ஏன் கதைக்கோணும்?" முதல் தடவையாக அவருடைய குரல் உயர்ந்தது. "என்ர பிள்ளையைப் பற்றி நான் என்ர மொழியிலதான் சொல்லுவன். அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கினம்? ஆம்பிளை எண்டும் பொம்பிளை எண்டும் இருநூறு பேருக்கு முன்னால என்ர வெக்கத்தை நான் அவிட்டு வச்சன். நீங்கள் அதை எடுத்து ஒளிச்சுப்போட்டியள்."

"பழக்கமாப் போச்சு அக்கா..."

"மெஷினில எனக்குக் கோவமில்லை. அது உங்களைப் பாத்துப் பழகினது." பையைத் தோளில் மாட்டினார். "நாலரைக்கு பஸ்."

போய்விட்டார்.

அடுத்த கிழமை ஹிமாஷியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் சைக்கிளிலிருந்து திருத்தச் சீட்டு வரைக்கும். "அப்படியானால் நாங்கள் இவ்வளவு காலமும் அவர்கள் சொன்னதைக் கேட்கவே இல்லையா சேர்?" என்று மட்டும் கேட்டாள். தன் அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்பது போல ஒரு குரல் அது. என்னைக் கருவியிலிருந்து அழித்துவிடு என்றேன். அழித்தால் அது தமிழே தெரியாத ஊமையாகிவிடும் என்றாள். ஒரே வழி, பழைய பேச்சுகளை எடுத்து, நான் மறுபடி முதலிலிருந்து சரியாகச் சொல்லி அதற்குப் பழக்குவது. நாலாயிரம் மணித்தியாலம். அதே பிரேரணையை ஆறு மாதம் கழித்து மறுபடி கொண்டுவரலாம் என்று கோணேசனும் சொன்னார். என்னோடு அவர் இப்போது தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறார்.

தவமலர் அக்காவின் பத்து நிமிடத்தை முதலில் எடுத்தேன். கூட்டில் ஹிமாஷியை மட்டும் பக்கத்தில் இருத்தி, காலை ஒன்பது மணிக்கு, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து சொன்னேன். மூன்று தரம் நாக்கு வழுக்கியது. நாலாம் தரம் கையால் கொடுத்ததையும் சொன்னேன், பெயரையும் சொன்னேன். திரை அந்த இரண்டு இடத்தையும் சிவப்பாக்கிப் "பிழை" என்று காட்டியது. அதன் கணக்கில் நான் அளவுகோலிலிருந்து விலகிவிட்டேன். ஹிமாஷி அதை அழித்து, "சரி" என்று மாற்றினாள்.

எனக்கு உடனே அக்காவுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். "அக்கா, சொல்லிப்போட்டன், கேளுங்கோ" என்று சிங்களத்தில் முழுவதையும் அவருக்குச் சொன்னேன், ஒன்றும் விடாமல், பெயரோடு.

மறுமுனையில் ஒரு சேவல் கூவியது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"சரியாச் சொல்லுறியள்," என்றார் கடைசியில். "ஆனா எனக்கேன் சொல்லுறியள்? எனக்குத்தான் தெரியுமே."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"சபைக்கு அது திரும்ப வாறதுக்கு ஆறு மாசம் கிடக்குது. அதுவரைக்கும் வாயில நம்பிக்கை இல்லையெண்டா எழுதுங்கோ தம்பி. நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ. பெயரையும் போட்டு எழுதுங்கோ. ஆரும் வாசிக்கட்டும்."

அதனால்தான் இதை எழுதினேன். என் கோழைத்தனத்தையோ பெருமையையோ நான் தின்ற சோற்றையோ ஒளிக்கவில்லை என்று ஒரு திருப்தியோடு, நேற்றுக் காலை முதலிலிருந்து எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் தரமும் வாசித்துப் பார்த்தேன். அந்த அதிகாரியின் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை.